டயட்டீஷியன் படிப்பு வெயிட்டிங் ஹால் அல்ல

விருத்தாசலத்திலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்களைப் படிக்கவைக்கும் அம்மா அப்பாக்களுக்கும் இந்தக் கடிதம்.

நீட் முடிவு வந்த கையோடு ஆண்டுதோறும் என்னிடம் ஒரு கேள்வி வருகிறது. கேட்கும் ஆள்தான் மாறுகிறார். "டாக்டர் சீட்டு இந்த வருஷம் கெடைக்கல. டயட்டீஷியன் படிப்புல சேத்துவுட்டா, அத முடிச்சிட்டு அப்படியே டாக்டருக்குப் போயிடலாம் இல்ல?" நான் மருத்துவமனையில் டயட்டீஷியனாக வேலை பார்ப்பவள், இந்தப் பக்கத்துக்காரி. இரண்டும் சேர்ந்ததால் கேள்வி என்னைத் தேடி வருகிறது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதிலை இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

பதில் சின்னதுதான். டாக்டர் ஆவதுதான் குறி என்றால் டயட்டீஷியன் படிப்பை அதற்கு முன்னால் வைக்காதீர்கள். சத்துணவு மேல் மெய்யான ஆசை இருந்தால் மருத்துவத்துக்குப் பின்னால் வையுங்கள். டயட்டீஷியனாகவே வாழ விருப்பம் என்றால் நீட்டை மறந்துவிட்டு முழு மனதோடு வாருங்கள். நம் ஜங்ஷனில் சேலம் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் வெயிட்டிங் ஹாலில் உட்காருகிற மாதிரி, எம்.பி.பி.எஸ். வரும்வரை உட்கார்ந்திருக்க இந்தப் படிப்புக்குள் நுழையாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

இந்த எண்ணம் நம் ஊரில் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. இங்கே பீங்கான் தொழில்நுட்ப டிப்ளமோ இருக்கிறது. சூளையில் வேலை பார்க்கும் அப்பா பிள்ளையை அதில் சேர்க்கிறார். பிள்ளை டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேராகப் போய் உட்காருகிறது. படித்த வருஷம் கணக்கில் வருகிறது, கட்டிய பணமும் வீணாகவில்லை. அதைக் கண்ணால் பார்த்த வீடுகள், மருத்துவத்திலும் அப்படியொரு வழி இருக்கும் என்று நினைப்பது இயல்பு. இல்லை. எம்.பி.பி.எஸ்.ஸில் லேட்டரல் என்ட்ரி கிடையாது. நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, டயட்டெட்டிக்ஸ் என்று எதை முடித்திருந்தாலும், பிளஸ் டூ முடித்த பிள்ளைகளோடு வரிசையில் நின்று நீட் எழுதி, முதலாம் ஆண்டின் முதல் நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று ஆண்டு படித்த உயிர்வேதியியலை அங்கே மறுபடியும் படித்து, மறுபடியும் பரீட்சை எழுத வேண்டும்.

இன்னொரு ஊற்று, நெய்வேலியிலிருந்து கிளம்பி அமெரிக்காவில் குடியேறிய மாமாக்கள். "இங்கெல்லாம் நியூட்ரிஷன் படிச்சிட்டுத்தான் மெடிக்கல் போறாங்க" என்று போனில் சொல்வார்கள். பொய்யில்லை. அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேரவே பொதுவாக ஒரு பட்டம் முடித்திருக்க வேண்டும். அந்தப் பட்டம் சத்துணவியலாக இருந்தால் லாபம்தான். நம் நாட்டில் மருத்துவம் பிளஸ் டூ முடித்ததுமே தொடங்குகிறது. அங்கே கட்டாயமாக நிரப்ப வேண்டிய நான்கு ஆண்டு, இங்கே கூடுதலாகச் சுமக்கிற ஆண்டாகிவிடுகிறது. அங்கேயும் இப்போது கணக்கு இறுகிவிட்டது. 2024 ஜனவரி 1 முதல் டயட்டீஷியன் பதிவுத் தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் வேண்டும். டாக்டர் ஆவதற்கு முன்னால் அதையும் முடித்துவிடலாமா என்று அங்குள்ள பிள்ளைகளே கையைப் பிசைகிறார்கள்.

இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, ஹவுஸ் சர்ஜன் ஓராண்டு, ஆக ஐந்தரை. டயட்டீஷியன் படிப்பை மூன்றாண்டு பி.எஸ்சி. என்று மட்டும் பார்ப்பதுதான் பலர் செய்கிற தவறு. இந்திய உணவியல் சங்கத்தின் பதிவுபெற்ற டயட்டீஷியன் ஆவதற்கான நேர்வழி, பி.எஸ்சி.க்குப் பிறகு இரண்டாண்டு எம்.எஸ்சி., பிறகு ஆறு மாதம் மருத்துவமனை இன்டர்ன்ஷிப், அதற்குப் பிறகு தேர்வு. கூட்டினால் அதுவும் ஐந்தரை ஆண்டுதான். ஒரு முழு டயட்டீஷியனை உருவாக்க ஒரு டாக்டரை உருவாக்கும் காலம் ஆகிறது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் பதினோரு ஆண்டு. பி.எஸ்சி.யோடு நிறுத்திவிட்டு மருத்துவத்துக்குத் தாவினால், கையில் இருப்பது பாதி டயட்டீஷியன் படிப்பு. அதை வைத்துக்கொண்டு வார்டில் தனியாக நிற்க முடியாது.

சட்டம் தடுக்கிறதா என்றால் இல்லை. நீட்டுக்கு இருந்த மேல் வயது வரம்பு 2022இல் எடுக்கப்பட்டுவிட்டது. தடுப்பது வினாத்தாள். 720 மதிப்பெண்ணில் 360 இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் போகிறது. சத்துணவியல் பட்டப்படிப்பில் இயற்பியலுக்கு இடமே இல்லை என்று சொல்லலாம். மூன்றாண்டு மின்னோட்டத்தையும் ஒளியியலையும் தொடாமல் இருந்துவிட்டு, அப்போதுதான் பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு போட்டி போடுவது லேசான காரியமில்லை. உயிரியல் கைகொடுக்கும் என்பீர்கள். நீட் கேட்பது பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலும் விலங்கியலும். எங்கள் படிப்பில் சொல்லித்தருவதோ சிறுநீரக நோயாளியின் புரதக் கணக்கு.

அதனால் டாக்டர்தான் என்று உறுதியாக இருக்கிற பிள்ளைக்கு ஓராண்டு வீட்டில் இருந்து திரும்ப எழுதுவது, மூன்றாண்டு சுற்றி வருவதைவிடச் சிக்கனம். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் சீட்டுக் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கார்த்திகைக்கு முன் அகல் விளக்கு, நவராத்திரிக்கு முன் பொம்மை, மழை பிடித்தால் ஈர மண் காயாமல் வேலை படுத்துவிடும் என்று வருமானம் ஏறி இறங்கும் குடும்பத்துக்கு, ஓராண்டுக் காத்திருப்பே பெரிய செலவு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால்தான் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு என்கிறேன். மூன்றாவது முறைக்கு மேல் கோச்சிங் சென்டருக்குக் கட்டுகிற பணம் பிள்ளையின் நம்பிக்கையைத்தான் தின்கிறது.

கல்லூரியில் சேர்ந்துகொண்டே நீட்டும் எழுதலாமே என்று இடைவழி ஒன்றும் சொல்வார்கள். எழுதலாம்தான். ஆனால் ரெக்கார்டு நோட்டு, சமையல் ஆய்வகம், வருகைப்பதிவு என்று அந்த முதலாண்டும் லேசாக இருக்காது. இரண்டிலும் கால் வைத்து இரண்டையும் கோட்டைவிட்டவர்களை அதிகம் பார்த்திருக்கிறேன். அப்படித்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் சொல்லியிருக்கிறது. கவுன்சலிங் நேரத்தில் சான்றிதழுக்காகக் கெஞ்சி நிற்கும் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எம்.பி.பி.எஸ். படித்துக்கொண்டே தபாலில் டயட் படிப்பை முடித்துவிடலாம் என்ற யோசனையும் வரும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022இல் யுஜிசி அனுமதித்ததும் இதற்கு இறக்கை முளைத்தது. 2025இல் அதே யுஜிசி, உளவியலோடு சேர்த்து உணவு, ஊட்டச்சத்து, டயட்டெட்டிக்ஸ் படிப்புகளையும் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று நிறுத்திவிட்டது. நிறுத்தியது சரி என்பேன். ஏன் என்று தெரிய, நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

ஐ.சி.யூ.வில் மயக்கத்தில் கிடக்கும் அறுபது கிலோ நோயாளிக்கு மூக்குவழிக் குழாயில் உணவு போகிறது. கிலோவுக்கு 25 முதல் 30 கலோரி என்று வைத்தால் நாளைக்கு 1500இலிருந்து 1800. இது புத்தகக் கணக்கு. அதே ஆள் பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் வந்தவர் என்றால், முதல் நாளே அந்த 1500ஐ ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறலாம். பட்டினி கிடந்த உடம்புக்குக் கொஞ்சமாகத் தொடங்கி, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். பக்கத்து வார்டில் சிறுநீரகம் பழுதானவர். டயாலிசிஸ் தொடங்கும்வரை அவருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வோம். டயாலிசிஸ் தொடங்கியதும் கூட்டச் சொல்வோம். முதலில் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு முட்டையைத் தொடாமல் இருந்து இளைத்துப்போகிறவர்கள் உண்டு. பொட்டாசியம் ஏறியவருக்குக் காய்கறியை நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளிக்கச் சொல்கிறோம். குழம்பில் சத்து போய்விடுமே என்று மாமியார் சண்டைக்கு வருவார். அவரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைப்பதும் சிகிச்சையில் சேர்த்திதான்.

சர்க்கரை நோயாளி இன்னொரு ரகம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023இல் வந்தது. நாட்டில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது பத்துக் கோடிக்கும் மேலானவர்களுக்குச் சர்க்கரை நோய். அவர்களில் ஒருவர் நம் ஊர்ச் சூளையில் வேலை பார்க்கிறார், காலையில் பழைய சோறு குடித்துவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். அவரிடம் ஓட்ஸ் சாப்பிடச் சொல்லிச் சீட்டு எழுதினால் அந்தச் சீட்டு பஸ் ஸ்டாண்டைத் தாண்டாது. எத்தனை கரண்டிச் சோறு, அதோடு என்ன கீரை, கம்பங்கூழ் என்றால் எவ்வளவு, பத்து மணிக்குக் கை நிறைய மல்லாட்டை தின்கிறாரே அதை எதில் கழிப்பது, அனலில் வேர்த்து நிற்பவருக்கு உப்பும் தண்ணீரும் எப்படி என்று அவர் தட்டைப் பார்த்து எழுத வேண்டும். ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது மூத்த டயட்டீஷியன் ஒருவர் கேட்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இது வரும். தபாலில் வராது. முதலாண்டு எம்.பி.பி.எஸ். பிள்ளைக்கு இதற்கு நேரமும் இருக்காது. உடற்கூறியல் ஒன்றே போதும் மூச்சு முட்ட.

இனி, மருத்துவத்துக்குப் பின்னால் வையுங்கள் என்றேனே, அதற்கு வருகிறேன். இந்தியாவில் சத்துணவு ஆராய்ச்சி வேர்விட்ட இடங்களில் ஒன்று நம் மாநிலம். 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் பெரிபெரி நோயை ஆராயச் சின்னதாக ஓர் அமைப்பைத் தொடங்கியவர் ராபர்ட் மெக்காரிசன். ராணுவ மருத்துவப் பணியில் இருந்த டாக்டர். இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குத் தனித்தனியாகப் போட்டு வளர்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி உள்ள சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் முதலிடம். தீட்டிய அரிசியை நம்பிய சென்னை மாகாணச் சாப்பாட்டு எலிகள் கடைசி. நமக்குக் கசக்கும்தான், ஆனால் கேட்டுக்கொள்ள வேண்டிய சேதி. அந்தக் குன்னூர் அமைப்புத்தான் வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

அந்த நிறுவனத்தை 1960களில் நடத்தியவர் சேலத்தில் பிறந்த சி. கோபாலன். சென்னையில் மருத்துவம் படித்து டாக்டர் ஆனவர். அதற்குப் பிறகுதான் லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம். சோளத்தையே நம்பி வாழ்ந்தவர்களுக்குப் பெல்லாக்ரா வருவதையும், புரதமும் கலோரியும் போதாமல் குழந்தைகள் வீங்கியும் வற்றியும் போவதையும் டாக்டர் கண்ணோடு பார்த்தார். அதைச் சத்துணவுக்காரர் கணக்கோடு எழுதினார். பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்தார். 1918இல் பிறந்து 2019 வரை வாழ்ந்த அந்த மனிதர் சென்ற வரிசை மருத்துவம் முதலில், ஊட்டச்சத்து பிறகு.

எதிர் உதாரணம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, மறைக்க மாட்டேன். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் 1911இல் படித்து முடித்து, இலங்கை, தென்னாப்பிரிக்கா என்று சுற்றிவிட்டு, 1915இல் இருபத்தாறு வயதில்தான் லண்டனில் மருத்துவம் சேர்ந்தார். 1920இல் டாக்டர் ஆனார். 1928இல் இந்தியா வந்து, பம்பாய் மில் வேலைக்காரப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் கடுமையான சோகையை ஆராய்ந்தார். குன்னூர் ஆய்வகத்திலும் அவர் வேலை நடந்தது. மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு அந்தச் சோகையைக் குணமாக்குகிறது என்று 1931இல் எழுதினார். அதிலிருந்து தொடர்ந்த ஆராய்ச்சிதான் ஃபோலிக் அமிலத்தில் போய் முடிந்தது. இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மாத்திரையில் அது இருக்கிறது. வேறொன்றைப் படித்துவிட்டுத் தாமதமாக மருத்துவத்துக்கு வந்தவரால் இவ்வளவு முடிந்தது. உண்மை. ஆனால் அவர் முதலில் படித்ததைக் காத்திருக்கப் படிக்கவில்லை. அடுத்த வேளைச் செலவுக்கு அப்பாவின் தினக்கூலியைப் பார்க்கும் நிலையிலும் அவர் இல்லை.

மருத்துவத்தில் சேர்ந்துவிட்ட பிள்ளை சத்துணவு ஆசையை ஆறப்போட வேண்டியதில்லை. இப்போதைய பாடத்திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வீடுகளில் ரத்த அழுத்தம் பார்ப்பதோடு அடுப்படியையும் எட்டிப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இளநிலை மருத்துவ மாணவர்களுக்கு இரண்டு மாதக் குறுகிய ஆராய்ச்சித் திட்டம் நடத்துகிறது. அதற்குச் சத்துணவுத் தலைப்பு எடுக்கலாம். பட்டம் முடிந்ததும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் பயன்முறை ஊட்டச்சத்து எம்.எஸ்சி.யைப் பாருங்கள். சேரும் ஆண்டின் தகுதிப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். எம்.டி. போகிறவர்கள் குழந்தை மருத்துவம், சமூக மருத்துவம், பொது மருத்துவம் எதிலிருந்தும் சத்துணவுக்குள் நுழையலாம். அந்த வயதில் படிக்கும் ஊட்டச்சத்து, பார்த்த நோயாளியோடு சேர்ந்தே மனதில் ஏறும். பதினெட்டு வயதில் படித்தால் பரீட்சை முடிந்ததும் போய்விடும்.

டாக்டர் ஆசை இல்லாமல் இந்தத் தொழிலுக்கே வருகிறவர்களுக்குச் சில வார்த்தை. கோவை அவினாசிலிங்கம், சென்னையில் மகளிர் கிறித்தவக் கல்லூரி, எத்திராஜ், ராணி மேரி என்று இதில் பேர்பெற்ற கல்லூரிகள் பல பெண்களுக்கானவை. அவினாசிலிங்கத்தை வளர்த்த ராஜம்மாள் பி. தேவதாஸ், மனைஇயல் என்று இளப்பமாகச் சொல்லப்பட்டதை அறிவியலாக நிறுத்தியவர். ஆண்பிள்ளைகளுக்கு வழி அடைபட்டுவிடவில்லை. போரூர் ராமச்சந்திரா போன்ற இருபாலர் நிறுவனங்களில் மருத்துவ ஊட்டச்சத்துப் படிப்பு இருக்கிறது. பட்டத்துக்குப் பிறகு வேலூர் சி.எம்.சி.யில் டயட்டெட்டிக்ஸ் முதுநிலை டிப்ளமோ உண்டு. 2021இல் வந்த துணைநிலை சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் டயட்டீஷியனும் இடம்பெற்றிருக்கிறார். இனி பாடத்திட்டமும் பதிவுமுறையும் மாறும். அதனால் சேரும்முன் அந்தக் கல்லூரியின் பட்டம் ஆணையத்தின் விதிக்குள் வருகிறதா என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். தொடக்கச் சம்பளம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜிம் வாசலில் மூன்று மாதக் கோர்ஸ் முடித்தவர் 'டயட் எக்ஸ்பர்ட்' பலகையோடு உங்களைவிட அதிகம் வாங்குவார், அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெற்றோருக்குத் தனியாக ஒன்று. "டயட்டீஷியனும் டாக்டர் மாதிரிதானே" என்று பிள்ளையைத் தேற்றாதீர்கள். மருந்து எழுதும் உரிமை எங்களுக்கு இல்லை, அது எங்களுக்குக் குறையும் இல்லை. அந்தத் தேறுதலை நம்பி வந்து, மூன்றாண்டும் பக்கத்து மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளின் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கழித்த மாணவிகளுக்கு நான் இன்டர்ன்ஷிப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கெட்டிக்காரப் பெண்கள்தான். ஆனால் நோயாளியின் தட்டில் அவர்கள் கண் நிற்பதே இல்லை.

எனவே விண்ணப்பம் போடும்முன் ஒரு காரியம் செய்யுங்கள். கடலூர், புதுச்சேரி, சிதம்பரம் எதுவானாலும் சரி, டயட்டீஷியன் இருக்கிற ஏதாவது ஒரு மருத்துவமனைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் அவரோடு நின்று பார்க்கலாமா என்று கேளுங்கள். நாங்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை. காலை ரவுண்ட்ஸில் தொடங்கி மதியச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குப் போகும்வரை பிள்ளை கூடவே நிற்கட்டும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அது டாக்டரைப் பற்றிப் பேசுகிறதா, தட்டைப் பற்றிப் பேசுகிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு எந்த விண்ணப்பம் என்று முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பக்கத்து டயட்டீஷியன்